கடல் போய்த் திரும்பும் ட்ரவுட் மாட்டவில்லையா? அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், பிளிமத், வேர்ஹாம், போர்ன் ஊர்களின் எல்லை ஓரமாக ரெட் புரூக் என்றொரு ஓடை ஓடுகிறது. பல இடங்களில் நாலு எட்டு வைத்தால் அக்கரை வந்துவிடும். சில மைல் தூரம் ஓடி பட்டர்மில்க் விரிகுடாவில் கலந்துவிடுகிறது. இந்தச் சின்ன ஓடையில் பிறக்கும் புரூக் ட்ரவுட் மீன்களில் ஒரு பகுதி கழிமுகத்துக்கு இறங்கி, உப்புத் தண்ணீரில் மேய்ந்து கொழுத்து, மறுபடி ஓடைக்குள் ஏறி வரும். அப்படிப் போய்வரும் மீனை அந்தக் கரையில் 'சால்டர்' என்பார்கள். பண்ணையில் வளர்த்துக் கொண்டுவந்து விட்ட மீன் அல்ல, காட்டு மீன். ஒரே தாய் வயிற்றுக் குஞ்சுகளில் ஒன்று கடலுக்குப் போகும், இன்னொன்று ஆயுள் முழுவதும் ஓடையிலேயே கிடக்கும்.

இந்த மீனை ஃப்ளை ஃபிஷிங்கில், அதாவது முள்ளில் இறகும் நூலும் சுற்றிச் செய்த 'ஃப்ளை' என்னும் போலி இரையை வீசிப் பிடிக்க வருகிறவர்கள் பெரும்பாலும் முதல் சில நாள் வெறுங்கையோடு திரும்புகிறார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். பிறகு புரிந்தது: கோளாறு பெரும்பாலும் ஃப்ளையில் இல்லை. வந்த நேரத்தில், தண்ணீரின் சூட்டில், நம் காலடியில் இருக்கிறது. ஆகவே ஃப்ளைப் பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பதற்கு முன், கண்ணுக்குத் தெரியும் அறிகுறி எது என்று பார்த்து, அதற்குரிய இடத்துக்கு வாருங்கள்.

கையில் இருக்க வேண்டியவை அதிகமில்லை. 7 அடி அளவில் ஒரு 3 வெயிட் ராடு (இலகுவான தூண்டில் கம்பு), மிதக்கும் லைன் (வீசும் கயிறு), அதன் நுனியில் 7 அடி லீடர் (மெலிந்துகொண்டே போகும் இழை), ஃப்ளையைக் கட்ட 4எக்ஸ் டிப்பெட் (கடைசி மெல்லிழை; எக்ஸ் எண் கூடக் கூட இழை மெலியும்). எதிர்முள்ளை இடுக்கியால் நசுக்கிவிட்ட தூண்டில் முட்கள். ஒரு வெப்பமானி. கடல் ஏற்ற வற்ற அட்டவணை. கூடவே இரண்டு அனுமதிகள்: மாசசூசெட்ஸில் 15 வயது ஆனவர்களுக்கு நன்னீர் உரிமம் வேண்டும், 16 வயது ஆனவர்கள் உப்பு நீரில் பிடிக்கக் கடல் அனுமதி வேண்டும். சால்டர் இந்த இரண்டு நீருக்கும் நடுவில் வாழ்கிறது, நீங்களும் அந்த எல்லையில்தான் நடக்கப் போகிறீர்கள், இரண்டையும் எடுத்துவிடுங்கள். ரெட் புரூக்கில் பிடித்த ட்ரவுட்டைத் திரும்ப விட்டுவிட வேண்டும் என்பது விதி. மற்ற ஓடைகளுக்கு அந்தந்த ஆண்டின் விதிப் புத்தகத்தைப் பாருங்கள்.

"ஓடையில் மீனே இல்லை போலிருக்கிறது"

அதிகம் கேட்கும் புகார் இதுதான். கரைக்கு வந்து எட்டிப் பார்த்தால் தெளிந்த தண்ணீர், மணல், அலையும் பாசி. ஒரு நிழல்கூட அசையாது.

மீன் இருந்தது. நீங்கள் வருவது தெரிந்து ஒளிந்துகொண்டது. இந்த ஓடையின் கரை கெட்டியான மண் அல்ல. மக்கிய இலையும் வேரும் பின்னிக் கிடக்கும் பஞ்சு மெத்தை. அடியில் தண்ணீர் அரித்துக் குடைந்திருக்கும். நீங்கள் நிற்கும் இடத்துக்கு நேர் கீழேதான் மீனின் வீடு. கால் வைத்ததும் அந்த அதிர்வு நேராகத் தண்ணீருக்குள் போகிறது. மீனுக்குப் பக்கவாட்டுக் கோடு என்று ஒரு புலன் உண்டு, உடம்பின் இரு புறமும் ஓடும் அந்தக் கோடு தண்ணீரின் சிறு நடுக்கத்தையும் உணர்ந்துவிடும்.

சோதித்துப் பாருங்கள். அந்த இடத்தைக் குறித்துவைத்துக்கொண்டு விலகிப் போய் அரைமணி நேரம் வேறெங்காவது உட்காருங்கள். பிறகு கீழ்ப்பக்கமிருந்து, அதாவது நீர் போகும் திசையிலிருந்து, மெல்ல வாருங்கள். கரைக்குப் பத்தடி முன்னாலேயே மண்டியிட்டுவிடுங்கள். உங்கள் நிழல் தண்ணீரில் விழாத பக்கம் பாருங்கள். இப்போது மீனைத் தேடாதீர்கள். அதன் முதுகு, ஓடையடி மண்ணும் இலையும் போலவே புழுப்புழுவாகக் கோலமிட்டிருக்கும், கண்ணுக்கு அகப்படாது. வெள்ளைக் கோட்டைத் தேடுங்கள். புரூக் ட்ரவுட்டின் அடித் துடுப்புகளின் முன் ஓரத்தில் சுண்ணாம்பால் இழுத்ததுபோல ஒரு வெண்கோடு உண்டு, அதை ஒட்டி ஒரு கருங்கோடு. ஒரு ஏப்ரல் காலை நான் வேரில் சிக்கிய நூல் துண்டு என்று நினைத்துப் பார்த்துக்கொண்டிருந்த வெள்ளை இழை, திடீரென்று இரண்டு இழையாகி, ஒரு சாண் மீனாகி, முன்னே நகர்ந்து எதையோ விழுங்கிவிட்டுப் பின்வாங்கிப் பழைய இடத்திலேயே நின்றது. அன்றிலிருந்து நான் மீனைத் தேடுவதை விட்டுவிட்டேன்.

இப்படிச் செய்தும் எதுவும் தெரியவில்லை என்றால் இரண்டு காரணம் இருக்கலாம். ஒன்று, இடம் தவறு. வெறும் மணல் படுத்த நீளமான நேர்ப்பகுதியில் இந்த மீன் நிற்காது. விழுந்த மரம், ஆல்டர் புதர் கவிந்த திருப்பம், குடைந்த கரை, சரளைக்கல் தெரியும் இடம், இவற்றில் ஒன்றாவது இருக்க வேண்டும். இந்தப் பகுதி ஓடைகள் பலவற்றில் மணல் இவ்வளவு கிடப்பதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. கிரான்பெரி என்னும் புளிப்புப் பழச் சாகுபடிக்காக ஓடைகளை அணை கட்டி மறித்தார்கள், நேராக வெட்டினார்கள், வயலுக்கு மணல் கொட்டினார்கள். சரளை மூடிப் போனது, நீர் தேங்கிச் சூடேறியது, மீன் மேலே ஏற வழியில்லாமல் போனது. ரெட் புரூக்கைப் பொறுத்தவரை, மாநில மீன்வள ஆணையராக இருந்த தியோடர் லைமன் 19ஆம் நூற்றாண்டிலேயே ஓடையோர நிலங்களை வாங்கிச் சேர்த்தார், அந்தக் குடும்பம் தலைமுறைகளாக அதைக் காத்தது. இன்று அவர் பெயரிலேயே காப்பிடம் இருக்கிறது. 2006 முதல் 2009 வரை அங்கிருந்த அணைகள் நீக்கப்பட்டன. பக்கத்தில் ஃபால்மத், மாஷ்பீ ஊர்களுக்கிடையே ஓடும் குவாஷ்னெட் ஆற்றில் 1970களின் நடுப்பகுதி முதல் ட்ரவுட் அன்லிமிடெட் என்னும் மீன் பாதுகாப்பு அமைப்பின் தன்னார்வலர்கள் கையால் மண்ணையும் மரத்தையும் சுமந்து, கைவிடப்பட்ட கிரான்பெரி வயலை மறுபடி ஓடையாக்கினார்கள். அங்கே கரையோரம் கிடக்கும் கட்டையைப் பார்த்தால் தானாக விழுந்தது என்று நினைத்துவிடாதீர்கள், யாரோ முதுகு வலிக்க இழுத்துப் போட்டதாக இருக்கலாம். மீன் அதன் அடியில்தான் நிற்கும்.

இரண்டாவது காரணம், மாதம் தவறு. வசந்தத்தில், ஏப்ரல் மே வாக்கில், மீன்களில் ஒரு பகுதி கழிமுகத்துக்கு இறங்கியிருக்கும். கோடையில் விரிகுடா சூடேறியதும் ஓடைக்குத் திரும்பும். அக்டோபர், நவம்பரில் சரளையில் முட்டையிடும். அது முடிந்ததும் மெலிந்த மீன்களில் சில மறுபடி உப்பு நீருக்கு இறங்கும். ஆக மே மாதம் மேல் ஓடையில் பெரிய மீனைத் தேடுவதும், ஆகஸ்டில் கழிமுகத்தில் தேடுவதும் ஆள் இல்லாத வீட்டில் கதவைத் தட்டுவது போலத்தான்.

"கழிமுகத்தில் மூன்று மணி நேரம் வீசினேன், ஒரு தட்டுகூட இல்லை"

எந்த மூன்று மணி நேரம் என்பதுதான் என் முதல் கேள்வி. ஒரு ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் இடையே ஏறத்தாழ 12 மணி 25 நிமிடம். அதனால் ஒவ்வொரு நாளும் நேரம் 50 நிமிடம் போலத் தள்ளிப்போகும். போன சனிக்கிழமை காலை 7 மணிக்கு மீன் கடித்தது என்று இந்தச் சனிக்கிழமையும் அதே 7 மணிக்குப் போய் நின்றால் கடல் கிட்டத்தட்ட நேர் எதிர் நிலையில் இருக்கும்.

நடப்பது இதுதான். கடல் ஏறும்போது உப்புப் புல்வெளி முழுவதும் தண்ணீர் பரவுகிறது. மம்மிச்சாக் என்னும் விரல் நீளக் குண்டு மீன்களும், கண்ணாடி போன்ற புல் இறால்களும் அந்தத் தண்ணீரோடு புல்லுக்குள் போய் மேய்கின்றன. அப்போது இரை எங்கும் சிதறிக் கிடக்கும், ட்ரவுட்டும் சிதறிவிடும். கடல் வற்றத் தொடங்கியதும் புல்வெளித் தண்ணீர் சிறுசிறு வாய்க்கால் வழியாக வடிகிறது. உள்ளே போன இரையெல்லாம் அந்த வாய்க்கால் வாயில் வந்து கொட்டும். கல்யாணப் பந்தலில் பரிமாறும் வாசலை அறிந்து உட்கார்ந்தவர் போல ட்ரவுட் அந்த வாய்க்கால் வாயில் முகம் வைத்துக் காத்திருக்கும். வற்றத் தொடங்கி முதல் மூன்று மணி நேரம்தான் நான் நம்பும் நேரம். ஏற்றத்தின் உச்சியிலும் வற்றத்தின் அடியிலும் நீர் அசையாமல் நிற்கும் வேளையில் உட்கார்ந்து சாப்பிடலாம்.

அட்டவணையில் உள்ள நேரம் துறைமுகத்துக்கு உரியது. குறுகலான கழி வழியாக உள்ளே ஏறி வர நேரம் பிடிக்கும், எவ்வளவு என்பது இடத்துக்கு இடம் மாறும். ஒரு குச்சியை நீரோரம் நட்டு, நீர் இறங்கத் தொடங்கும் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அட்டவணையோடு ஒப்பிட்டால் உங்கள் இடத்துக்கான தாமதம் தெரிந்துவிடும். அது அடுத்த முறைக்கும் பெரும்பாலும் உதவும்; பலத்த காற்று அடிக்கும் நாள்களில் மட்டும் மாறும்.

இன்னொரு நுணுக்கம் பலர் கவனிப்பதில்லை. கடல் ஏறும்போது ஓடையின் கீழ்ப்பகுதியில் நீரோட்டமே திசை மாறிவிடும். மீன் எப்போதும் ஓட்டத்தை எதிர்த்து நிற்கும், ஆகவே அதுவும் திரும்பிக் கடலைப் பார்த்து நிற்கும். பின்னாலிருந்து வருகிறோம் என்று நினைத்துக் கீழ்ப்பக்கமிருந்து வந்தால் மீனின் கண்ணுக்கு நேராக நடந்து வருகிறீர்கள். நீரில் மிதக்கும் புல் துரும்பு எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்துவிட்டு அணுகுங்கள்.

கழிச் சேற்றில் கால் முழங்கால்வரை புதைகிற இடமும் உண்டு. அப்படிப் புதைந்தால் காலை நேராகப் பிடுங்காதீர்கள். குதிகாலை முதலில் அசைத்துக் காற்றை உள்ளே விட்டு, உடம்பைச் சாய்த்து, மெல்ல எடுங்கள். கடல் ஏறும் நேரத்தில் தெரியாத சேற்றில் தனியாக இறங்கவே வேண்டாம்.

"பின்னால் வருகிறது, பக்கத்தில் வந்து திரும்பிவிடுகிறது"

நல்ல அறிகுறி. இடமும் நேரமும் சரி என்று மீனே சொல்லிவிட்டது. இனிதான் ஃப்ளையைப் பற்றி யோசிக்க வேண்டும், அதிலும் முதலில் வேகத்தை. பயந்து ஓடும் இரை சீராக ஓடாது. ஒரு சாண் இழுத்து, நிறுத்தி, ஃப்ளை கொஞ்சம் அமிழட்டும். மீன் கடிப்பது பெரும்பாலும் அந்த நிறுத்தத்தில்தான். மம்மிச்சாக்குக்குப் பதிலாக ஒரு பழுப்பு மட்லர் மின்னோ, ஆலிவ் நிற வூலி பக்கர் என்னும் ஃப்ளைகள் இரண்டும் போதும்.

அப்போதும் திரும்பினால் அளவைக் குறையுங்கள். 8ஆம் எண் முள்ளிலிருந்து 10க்கு, பிறகு 12க்கு; எண் கூடக் கூட முள் சிறிதாகும். தெளிந்த நீரில் வெயில் ஏறிய பிறகு பளபளப்பு இழைகள் உள்ள ஃப்ளை மீனை விரட்டுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். இறாலைத் தின்கிற மீனானால், மணல் நிறத்தில் எடை இல்லாத சிறிய இறால் ஃப்ளையைத் துளியும் இழுக்காமல் ஓட்டத்தோடு விட்டுவிடுங்கள்.

ஒரே மீனுக்கு ஐந்தாறு முறைக்கு மேல் காட்டாதீர்கள். பத்து நிமிடம் ஓய்வு கொடுத்தால் திரும்ப வரும். தொடர்ந்து காட்டினால் அன்றைக்கு அது முடிந்தது.

"டக்கென்று தட்டுகிறது, ஆனால் மாட்டவில்லை"

வால் நீளமான ஃப்ளை. சின்ன மீன் வாலை மட்டும் கடித்து இழுக்கிறது. வாலை முள்ளின் வளைவு வரைக்கும் நறுக்கிவிடுங்கள், அந்த இடத்திலேயே, பல்லாலாவது.

அது இல்லையென்றால் உங்கள் கை. தட்டியதும் ராடைத் தூக்கினால் ஃப்ளை மீனின் வாயை விட்டு மேலே பறந்துவிடும். ராடு முனையைத் தண்ணீருக்கு அருகில் தாழ்த்தியே வைத்து, இடது கையால் லைனை ஒரு இழுப்பு இழுங்கள். முள் பதிந்தால் அதுவே தெரியும். பதியாவிட்டாலும் ஃப்ளை ஒரு முழம் மட்டுமே நகர்ந்திருக்கும், மீன் திரும்பக் கடிக்க வாய்ப்பு உண்டு. முள் முனையை நகத்தில் வைத்து இழுத்துப் பாருங்கள்: வழுக்கினால் மொட்டை, உடனே தீட்டுங்கள். உப்பு நீரில் பயன்படுத்திய முள் ஒரே வாரத்தில் துருப்பிடித்து மொட்டையாகிவிடும்.

"வீசவே இடமில்லை, ஒவ்வொரு முறையும் புதரில் மாட்டுகிறது"

மேல் ஓடையில் வீசுவது என்ற எண்ணத்தையே விட்டுவிடுங்கள். தலைக்கு மேல் ஆல்டர், பின்னால் முட்செடி, எதிர்க்கரை கையெட்டும் தூரம். அங்கே மூன்று வழிதான்.

முதல் வழி, எனக்கு மிகவும் பிடித்தது: ஓட்டத்திடம் ஃப்ளையைக் கொடுத்துவிடுவது. திருப்பத்துக்கு மேலே மண்டியிட்டு, ஃப்ளையைத் தண்ணீரில் போட்டு, ராடு முனையை மெல்ல ஆட்டி லைனைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விடுங்கள். யாராலும் வீச முடியாத புதருக்கடியிலும் ஓட்டம் அதைக் கொண்டுபோய்ச் சேர்க்கும். கரையைக் குடைந்து ஓடும் ஓட்டம் ஃப்ளையையும் அந்தக் குடைவுக்குள் கொண்டுபோகும். அங்கே நிறுத்திப் பிடியுங்கள். மெல்லிறகு சுற்றிய, எடையற்ற ஒரு சாஃப்ட் ஹேக்கிள் ஃப்ளை நின்ற இடத்தில் மூச்சு விடுவதுபோல விரிந்து சுருங்கும். இதில் ஒரு குறை உண்டு: மீன் உங்களுக்கு நேர் கீழே இருப்பதால், கடித்ததும் இழுத்தால் வாயிலிருந்து வெளியே வந்துவிடும். 'கடித்துவிட்டது' என்று மனதுக்குள் ஒரு முறை சொல்லிவிட்டு இழுங்கள். அதற்குள் மீன் திரும்பியிருக்கும், முள் வாயோரத்தில் பதியும்.

இரண்டாவது, வில் வீச்சு. லீடரையும் அதற்கு மேல் ஓரிரு அடி லைனையும் மட்டும் வெளியே விட்டு, ஃப்ளையை வளைவுப் பக்கமாக இரு விரலால் பிடித்து, முள் முனை விரலுக்கு வெளியே இருக்கும்படி வைத்து, ராடு வில்லாக வளையும்வரை பின்னால் இழுங்கள். ராடு முனையைப் போகவேண்டிய இடைவெளிக்குக் குறிவைத்து விட்டுவிடுங்கள். முதலில் விடுவது ஃப்ளையைப் பிடித்த விரலாக இருக்கட்டும், லைனைப் பிடித்த விரல் பிறகு. மாற்றிச் செய்தால் முள் விரலில் ஏறும். வீட்டு முற்றத்தில் ஒரு வாளியை வைத்துப் பழகிவிட்டு வாருங்கள்.

மூன்றாவது உருள் வீச்சு: லைனைப் பின்னால் வீசாமல் முன்னால் உருட்டி விடுவது. கொஞ்சம் அகலமான இடங்களில் மட்டும் உதவும்.

புதரில் நுழையும்போது இன்னும் இரண்டு எதிரிகள் உண்டு. மூன்று மூன்று இலையாகப் பளபளக்கும் நச்சுக்கொடி பட்டால் தோல் வெந்ததுபோலக் கொப்பளிக்கும். மான் உண்ணி லைம் நோயைக் கொண்டுவரும். கால்சட்டையைக் காலுறைக்குள் செருகுங்கள், வீட்டுக்குப் போனதும் முழங்கால் மடிப்பு, இடுப்பு, காதுக்குப் பின்புறம் எல்லாம் பாருங்கள். மீன் பிடிக்காத நாளிலும் இதைத் தவறவிடாதீர்கள்.

"மாட்டிய மீன் வேருக்குள் புகுந்து அறுத்துக்கொண்டு போகிறது"

அது தன் வீட்டுக்குப் போகிறது, வழி அதற்கு நன்றாகத் தெரியும். முதல் இரண்டு விநாடியில்தான் எல்லாம் முடிவாகிறது. ராடை மேலே தூக்காமல், குடைவுக்கு எதிர்ப்பக்கமாகப் படுக்கைவாட்டில் சாய்த்து இழுங்கள். ரீலில் சுற்ற நினைக்காதீர்கள், கையாலேயே லைனை இழுத்து ஓடையின் நடுவுக்குக் கொண்டுவாருங்கள். மெல்லிய டிப்பெட் போட்டால்தான் மீன் கடிக்கும் என்று 6எக்ஸ் கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். இந்த ஓடையில் அது தேவையே இல்லை. 4எக்ஸ் போதும், கட்டை நிறைந்த இடத்தில் 3எக்ஸ் போடுங்கள். மீனை நீண்ட நேரம் களைக்க வைப்பதைவிடச் சீக்கிரம் கைக்குக் கொண்டுவந்து விடுவது அதற்கும் நல்லது.

"போன வாரம்வரை கடித்தது, இப்போது சுத்தமாக நின்றுவிட்டது"

ஜூலையில் இந்தக் கேள்வி வந்தால் நான் கேட்பது ஒன்றுதான்: தண்ணீரின் சூடு எவ்வளவு?

பெயரில் ட்ரவுட் இருந்தாலும் புரூக் ட்ரவுட் உண்மையில் ட்ரவுட் அல்ல, 'சார்' (char) என்னும் குளிர்நீர் இனம். 10 முதல் 16 டிகிரி செல்சியஸ்தான் அதற்குச் சுகம். 20ஐத் தாண்டினால் திணறும். 25ஐ ஒட்டினால் பிழைக்காது. நீர் சூடேற ஏற அதில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் குறைகிறது. அதே நேரம் மீனின் உடம்புக்கு அதிகம் தேவைப்படுகிறது. அந்த நிலையில் தூண்டிலில் போராடிய மீன் நீந்திப் போவதுபோலத் தெரிந்தாலும் பிறகு செத்துப்போகலாம்.

அப்படியானால் கோடை வெயிலில் இந்த ஓடைகளில் மீன் எப்படித் தப்பிக்கிறது? அதுதான் இந்த நிலத்தின் கொடை. பனிப்பாறைகள் விட்டுச் சென்ற மணலும் சரளையும் ஆழமாகக் கிடக்கும் பூமி இது. மழைநீர் அதில் இறங்கி, நிலத்தடியில் குளிர்ந்து, ஓடைப் படுகையில் ஊற்றாகக் கொப்பளிக்கிறது. ஆண்டு முழுவதும் ஏறத்தாழ 10, 12 டிகிரியில் வரும் தண்ணீர். ஆகஸ்டில் முழங்கையளவு கையை விட்டால் மேலே இளஞ்சூடு, அடியில் விரல் நுனி மட்டும் சில்லிடும். அங்கே ஊற்று இருக்கிறது. வாட்டர்கிரெஸ் கீரை கொத்தாக வளர்ந்திருப்பதும் ஓர் அடையாளம். கோடையில் மீன்கள் அந்த ஊற்றடியில் நெருக்கமாகச் சேர்ந்து நிற்கும்.

அதைக் கண்டுபிடித்துவிட்டால் பிடிப்பது மிக எளிது. பிடிக்காதீர்கள். அது அவற்றின் கடைசிப் புகலிடம். காலை முதல் வேலையாக வெப்பமானியை நிழலான, ஓட்டமுள்ள இடத்தில் இரண்டு நிமிடம் பிடியுங்கள். 18ஐத் தொட்டால் நான் ராடைக் கழற்றிவிடுவேன். சட்டம் கேட்கவில்லை, ஓடை கேட்கிறது. அந்த நாளில் வெப்பமானியோடு மேலும் கீழும் நடந்து எங்கெங்கே ஊற்று என்று குறித்துக்கொள்ளுங்கள். அக்டோபருக்கு முன்பும் ஏப்ரலிலும் எங்கே மீன் இருக்கும் என்பதற்கு அந்தக் குறிப்பைவிட நல்ல வரைபடம் கிடையாது.

"பிடித்த மீன் வெள்ளியாக இருக்கிறது, இது சால்டரா?"

உப்பு நீரில் இருந்து வந்த மீனின் நிறம் மங்கிப்போயிருக்கும். பக்கங்களில் வெள்ளிப் பூச்சு, முதுகு நீலப்பச்சை. நீல வளையத்துக்குள் சிவப்புப் புள்ளி என்று படத்தில் பார்த்தது இருக்காது, உற்றுப் பார்த்தால் மட்டும் வெள்ளிக்கு அடியில் மெலிதாகத் தெரியும். ஓடைக்குள் சில வாரம் இருந்தால் அந்தப் பூச்சு கரைந்து பழைய நிறம் ஏறும்.

இந்தக் கரையில் பிரவுன் ட்ரவுட்டும் கடலுக்குப் போய்வரும், குழப்பம் வருவது இயல்பு. எளிய சோதனை: வெளிறிய உடம்பில் கரும்புள்ளி இருந்தால் பிரவுன். கரிய உடம்பில் வெளிறிய புள்ளி இருந்தால் புரூக். வெள்ளி மூடிய மீனில் புள்ளி தெரியாவிட்டால் அடித் துடுப்பைப் பாருங்கள், அந்த வெண்கோடு உப்பிலும் அழியாது. பண்ணை மீனானால் துடுப்பு ஓரம் தேய்ந்து மொட்டையாக இருக்கக்கூடும்.

பெரிய மீனை எதிர்பார்த்து வந்தவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 19ஆம் நூற்றாண்டில் அரசியல் தலைவர் டேனியல் வெப்ஸ்டர் வாம்பனோவாக் பழங்குடி மக்களின் மாஷ்பீ ஆற்றுக்குத் தூண்டிலோடு வந்தார். அந்தக் காலத்து மீன்களின் அளவைப் பற்றிய பேச்சு இன்னும் ஓயவில்லை. இன்று ரெட் புரூக்கில் ஒரு சாண் மீன் நல்ல மீன். ஓர் அடி மீன் கிடைத்தால் அந்த ஆண்டு முழுவதும் நினைவில் நிற்கும்.

"விட்ட மீன் பக்கவாட்டில் சாய்கிறது"

உடனே பிடியுங்கள். கையை முதலில் நனைத்துக்கொள்ளுங்கள், உலர்ந்த கை மீனின் வழவழப்பை உரித்துவிடும். வயிற்றுக்கடியில் தாங்கி, முகம் ஓட்டத்தை எதிர்த்து இருக்கும்படி வையுங்கள். முன்னும் பின்னும் ஆட்டாதீர்கள், பின்னால் இழுத்தால் தண்ணீர் செவுளில் தவறான பக்கம் போகும். அப்படியே தாங்கிக்கொண்டிருந்தால் போதும். செவுள் திறந்து மூடுவது சீராகும், வால் உங்கள் மணிக்கட்டில் ஒரு முறை உதைக்கும், அப்போது விரலைத் திறங்கள். படம் எடுக்க வேண்டுமானால் கேமராவைத் தயார் செய்துவிட்டு, நீர் சொட்டச் சொட்ட ஒரு கணம் மட்டும் தூக்குங்கள். அன்றைக்கு இரண்டாவது மீனும் இப்படிச் சாய்ந்தால் தண்ணீர் சூடாக இருக்கிறது என்று பொருள், மேலே "போன வாரம்வரை கடித்தது" என்ற பகுதியைப் படியுங்கள்.

"ரீல் கரகரக்கிறது, லைன் ஒட்டுகிறது"

உப்பு. ஒவ்வொரு முறை கழிமுகத்துக்குப் போய் வந்ததும் ரீலைக் கழற்றி நல்ல தண்ணீரில் ஊறவைத்து, துடைத்து, ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள். லைனையும் ஈரத்துணியால் துடையுங்கள்.

"சரளையில் ஓரிடம் மட்டும் பளிச்சென்று வெளுத்திருக்கிறது"

அக்டோபர் கடைசியில் ஓடையோரம் நடந்தால் இதைப் பார்ப்பீர்கள். பாசி படிந்த கருத்த கற்களுக்கு நடுவில் ஒரு தாம்பாள அகலத்துக்குக் கழுவி வைத்ததுபோல ஒரு வட்டம். கோளாறு எதுவும் இல்லை. அது மீன் கட்டிய கூடு.

கொஞ்ச நேரம் மரத்தின் பின்னால் நின்று பாருங்கள். பெண் மீன் ஒருக்களித்துப் படுத்து வாலால் படபடவென்று அடிக்கும், மணல் ஓட்டத்தோடு புகையாகப் போகும், கற்கள் மட்டும் தங்கும். வயிறு செந்தணலாகச் சிவந்த ஆண் பக்கத்தில் நின்று இன்னொரு ஆணை விரட்டிக்கொண்டிருக்கும். ஊற்று கசியும் இடமாகப் பார்த்துத்தான் பெண் தோண்டும், குளிர்காலம் முழுவதும் அந்தக் கசிவுதான் முட்டைக்கு மூச்சு. முட்டையிட்டதும் மேல்பக்கம் தோண்டி அந்தக் கல்லால் மூடிவிட்டுப் போய்விடும்.

அங்கே ஃப்ளையைப் போடாதீர்கள், தண்ணீரிலும் இறங்காதீர்கள். முட்டைகள் ஒரு சாணுக்கும் குறைவான ஆழத்தில் இருக்கின்றன, உங்கள் ஒரு காலடி அவற்றை நசுக்கிவிடும். நவம்பர் முடிந்ததும் வெள்ளை வட்டத்தின் மேல் மறுபடி பாசி படிந்து, எது கூடு எது கல் என்று தெரியாமல் போய்விடும். ஆகவே வசந்தம் வரும்வரை சரளை உள்ள எந்த இடத்திலும் ஓடையைக் கால் நனைத்துக் கடக்க வேண்டாம். பாலம் இருக்கும் இடம்வரை சுற்றி நடந்து போங்கள்.